மூன்று வயதுப் பிள்ளையின் கழுத்து முறிவு: வளையத்தோடு காத்திருப்பதா, சத்திரசிகிச்சைக்கு விரைவதா?

மட்டக்களப்பின் படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு மூன்று வயதும் நான்கு மாதங்களும். ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், தந்தை அவனை மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியின் மேல் இருத்திக்கொண்டு வந்தபோது வீதியில் மாடொன்று குறுக்கே பாய, சடுதியாக பிரேக் பிடித்ததில் பிள்ளை தூக்கி எறியப்பட்டு வீதியோரத்தில் தலைகீழாக விழுந்திருக்கிறான். மயக்கமில்லை, வாந்தியில்லை, பின்தலையில் ஒரு சிராய்ப்பு மட்டும். அருகிலுள்ள வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பில் குறையொன்றும் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாளே பிள்ளை வளவுக்குள் ஓடி விளையாடத் தொடங்கிவிட்டான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்தே திரும்பினான்; பாயிலிருந்து எழும்பும்போது இரண்டு கைகளாலும் தன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழும்பினான். சுளுக்கென்று நினைத்த அம்மம்மா இரவில் எண்ணெய் தடவியிருக்கிறார். இரண்டாவது வாரத்தில் மீண்டும் பிள்ளையைக் கொண்டுபோய் ஸ்கான் எடுத்தபோதுதான், இரண்டாவது கழுத்து முள்ளெலும்பிலிருந்து முதலாவதின் வளையத்துக்குள் மேல்நோக்கி நீண்டிருக்கும் முளை அடியோடு முறிந்து முன்புறமாகச் சாய்ந்திருப்பது தெரியவந்தது. கொழும்புக்கு மாற்றி, மயக்க மருந்து கொடுத்து முறிவை நேராக்கி, ஹேலோ எனப்படும் தலை வளையத்தையும் மார்புக் கவசத்தையும் பூட்டி, மூன்று மாதங்கள் வரை இது இருக்கவேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கைகால்களில் பலவீனம் எதுவுமில்லை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கருத்து. இந்த முளை முறிந்தால் ஒட்டாது என்று இணையத்தில் வாசித்ததாகவும், பணம் அனுப்புவதாகவும், சென்னைக்குக் கொண்டுபோய் ஆணி போட்டுவிடும்படியும் சுவிஸிலிருக்கும் மாமா வற்புறுத்துகிறார். மூன்று மாதம் தலையில் இரும்போடு பிள்ளை படும் பாட்டைப் பார்க்கமுடியாத அம்மம்மா, வளையத்தைக் கழற்றிவிட்டு முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போடலாம் என்கிறார். முதலில் பார்த்த வைத்தியர்கள் பிழை விட்டார்களா, எண்ணெய் தடவியது கேடாகிவிட்டதா, பிள்ளை பிற்காலத்தில் முடமாகிவிடுவானா, பொலிஸில் எடுத்த வாக்குமூலத்தால் கணவருக்கு வழக்கு வருமா, தை மாதத்தில் முன்பள்ளிக்கு விடலாமா என்பன அந்தத் தாயின் கேள்விகள்.

சகோதரி,

நான் உங்கள் மகனை நேரில் பார்க்கவில்லை, அவனுடைய ஸ்கான்களையும் பார்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுவது நீங்கள் தந்த விபரங்களை மட்டும் வைத்துச் சொல்வது. அவனுக்குச் சிகிச்சை செய்யும் நிபுணரின் சொல்லே இறுதியானது. ஆனாலும் உங்களுடைய எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்து இத்தனை வாரங்களாகியும் கைகால்கள் வழமைபோல் இயங்குவதும், நடை மாறாததும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருப்பதும் மிக நல்ல அறிகுறிகள். மூளையிலிருந்து இறங்கும் முண்ணாண் காயப்படவில்லை என்பதையே இவை காட்டுகின்றன. கழுத்தின் உச்சியில் முதலாம் முள்ளெலும்பின் வளையத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு இடத்தை முளையும், இன்னொரு பங்கை முண்ணாணும் எடுத்துக்கொள்ள, மீதிப் பங்கு வெற்றிடமாக இருக்கிறது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் இவ்வளவு இடம் கிடையாது. முளை சற்று முன்னே சாய்ந்தபோதும் உங்கள் மகன் தப்பியதற்கு அந்த வெற்றிடமே காரணமாக இருந்திருக்கும். இனி நாம் செய்யவேண்டியதெல்லாம் முறிவு ஒட்டும்வரை அந்த இடத்தை அசையவிடாமல் காப்பதுதான்.

மாமா வாசித்தது பொய்யல்ல. ஆனால் அது பெரியவர்களைப் பற்றியது. வளர்ந்தவர்களில், குறிப்பாக முதியவர்களில், இந்த முளை அடியில் முறிந்தால் ஒட்டாமல் போவது அடிக்கடி நிகழ்கிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கழுத்தின் அமைப்பே வேறு. அந்த வயதில் முளைக்கும் அதைத் தாங்கும் எலும்புக்கும் இடையில் ஒரு குருத்தெலும்புத் தகடு இருக்கிறது. அது மூன்று முதல் ஆறு வயதுக்குள் மெல்ல எலும்பாகி, ஏழு வயதளவில் இரண்டும் ஒன்றாகிவிடும். சிறு பிள்ளைகளில் முறிவு பெரும்பாலும் இந்தத் தகட்டின் ஊடாகவே போகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் பகுதி என்பதால், நேராக்கி அசையாமல் வைத்தால் பெரும்பாலான பிள்ளைகளில் அது நன்றாக ஒட்டிவிடுகிறது; சற்றுச் சாய்வோடு ஒட்டினாலும் வளர வளர அந்தச் சாய்வு ஓரளவு தானாகவே நிமிர்கிறது.

இப்படிப்பட்ட முறிவு சிறு பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். விபத்தில் அடிபட்டு வரும் பிள்ளைகளில் கழுத்து முள்ளெலும்பில் காயமுள்ளவர்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோதான். ஆனால் அப்படிக் காயம் வரும்போது, எட்டு வயதுக்குட்பட்டவர்களில் அது பெரும்பாலும் கழுத்தின் மேல் மூன்று எலும்புகளிலேயே வருகிறது. உடம்போடு ஒப்பிட்டால் அவர்களின் தலை பெரிது, கழுத்துத் தசைகள் பலமற்றவை, எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இளகியவை, எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் மூட்டுகளும் தட்டையானவை. பெரியவர்களில் கழுத்து முன்னும் பின்னும் மடியும் மையம் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கிடையில் இருக்கிறது. குழந்தைகளில் அது இரண்டாம், மூன்றாம் எலும்புகளின் மட்டத்தில் இருக்கிறது. ஓடுகின்ற வண்டி சடுதியாக நிற்கும்போது கனமான தலை முன்னே பாயும் விசை முழுவதையும் அந்த உச்சிப்பகுதிதான் தாங்குகிறது.

முதல் எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை?

இதைப் பிழையென்று உடனே முடிவுகட்ட வேண்டாம். முறிவு குருத்தெலும்பின் ஊடாகப் போயிருக்கிறது. குருத்தெலும்போ எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. முறிவில்லாத மூன்று வயதுப் பிள்ளையிலும் அந்த இடத்தில் ஒரு கறுப்புக்கோடு இயல்பாகவே இருக்கும். முளையை நேராகக் காட்டும் படத்தை எடுக்கப் பிள்ளை வாயை அகலத் திறந்தபடி அசையாமல் இருக்கவேண்டும். அழுதுகொண்டிருக்கும் மூன்று வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. போதாததற்கு, இந்த வயதில் இரண்டாம் முள்ளெலும்பு மூன்றாவதின் மேல் சில மில்லிமீற்றர் முன்னே வழுக்கி நிற்பதுபோல் தெரிவது பெரும்பாலும் இயல்பான ஒன்றே. பெரியவர்களின் கழுத்துப் படங்களையே நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு நோயில்லாத பிள்ளையின் கழுத்து நோயுள்ளதாகவும், நோயுள்ள கழுத்து வழமையானதாகவும் தோன்றுவது எளிது. இந்த முறிவு தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவது உலகெங்கும் நிகழ்கிறது.

எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை இதுதான் என் கருத்து. அதேவேளை, படம் தெளிவாக இருந்தாலும் பிள்ளை சொல்வதை நம்பவேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாயிலிருந்து எழும்பும்போது மகன் இரண்டு கைகளாலும் தன் தலையைத் தாங்கிப் பிடித்தான் என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் மறுபடியும் வாசித்தேன். கழுத்தின் உச்சியில் முறிவோ தளர்வோ உள்ள ஒருவர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, படுக்கையிலிருந்து எழும்போது இப்படிச் செய்வது மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட அடையாளம். சொல்லத் தெரியாத வயதிலுள்ள பிள்ளை கைகளால் சொல்லியிருக்கிறான், நீங்களும் அதைக் கவனித்திருக்கிறீர்கள். இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: விழுந்த பிள்ளை கழுத்தைத் திருப்ப மறுத்தாலோ, தலையைச் சரித்தே வைத்திருந்தாலோ, கைகளால் தாங்கினாலோ, எக்ஸ்ரே சரியென்று சொல்லப்பட்டிருந்தாலும் இரண்டொரு நாளுக்குள் மீண்டும் கொண்டுபோய், இந்த அடையாளத்தையே வைத்தியரிடம் சொல்லுங்கள். சீ.ரி. ஸ்கான் எலும்பையும், எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பு, நார்கள், முண்ணாண் ஆகியவற்றையும் காட்டும். எலும்பில் எந்தக் குறையும் தெரியாமலே முண்ணாண் காயப்படுவதும் பிள்ளைகளில் உண்டு. பாங், வில்பர்கர் என்ற இரு நிபுணர்கள் 1982 இல் இதை விரிவாக எழுதினார்கள். அத்தகைய பிள்ளைகளில் சிலருக்குப் பலவீனம் உடனே வராமல் சில மணித்தியாலங்களோ சில நாட்களோ கழித்தே வருகிறது.

வளையமா, ஆணியா?

ஹேலோ புதிய பரிசோதனை முயற்சியல்ல. அமெரிக்காவில் ஜாக்குலின் பெரியும் வெர்னன் நிக்கலும், போலியோவால் கழுத்துத் தசைகள் செயலிழந்தவர்களுக்காக உருவாக்கி 1959 இல் அறிமுகப்படுத்திய முறை இது. வளையத்தை மண்டையோட்டோடு பிணைப்பதற்குப் பெரியவர்களுக்கு வழமையாக நான்கு ஊசிகளைச் சற்று இறுக்கமாகவே பூட்டுவோம். சிறு பிள்ளையின் மண்டையோடு மெல்லியது என்பதால் ஆறு முதல் பன்னிரண்டு ஊசிகள் வரை போட்டு, ஒவ்வொன்றையும் மிக மென்மையாக இறுக்குவோம். ஆகவே மகனின் தலையில் இத்தனை ஊசிகளா என்று நீங்கள் பதறியிருக்கத் தேவையில்லை. எண்ணிக்கை கூடுவது அழுத்தத்தைப் பகிர்ந்து குறைப்பதற்காகத்தான். நெற்றியில் சிறு தழும்புகள் இரண்டொன்று மிஞ்சும். ஏனையவை முடிக்குள் மறைந்துவிடும்.

ஆணி போடும் சத்திரசிகிச்சையில் முதலாம், இரண்டாம் முள்ளெலும்புகளை ஒன்றாகப் பிணைத்து நிரந்தரமாக ஒட்டவைப்பார்கள். இடமும் வலமும் கழுத்தைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி இந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையிலேயே நடக்கிறது. மூன்று வயதில் அதை ஒட்டிவிட்டால் அந்தப் பாதியை வாழ்நாள் முழுவதற்கும் இழக்கவேண்டும். அந்த எலும்புகளின் ஓரத்தில் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகளும் ஓடுகின்றன. சிறு பிள்ளையின் எலும்பு மிகச் சிறியது என்பதால் ஆணிக்கான இடமும் குறுகியது. இவ்வளவு ஆபத்தையும் இழப்பையும் ஏற்கவேண்டிய நிலைமைகள் இருக்கின்றன: முறிவை நேராக்க முடியாதபோது, வளையத்துக்குள்ளும் அது மீண்டும் நழுவும்போது, எலும்பன்றி நார்களே அறுந்திருக்கும்போது, முண்ணாண் பாதிப்பு கூடிக்கொண்டு போகும்போது, மாதங்கள் கடந்தும் ஒட்டாதபோது. நீங்கள் எழுதியதில் இவற்றில் எதுவும் இல்லை. முறிவு நேராக்கப்பட்டு, பிள்ளையும் நலமாக இருக்கும் இந்நிலையில் சென்னைக்குப் போய் ஆணி போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மாமாவின் அக்கறையை அவமதிக்கும் பதில் இதுவென்று நினைக்கவேண்டாம். இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்டால் இப்போதைய வைத்தியர் கோபிப்பார் என்று எண்ணித் தயங்கவும் வேண்டாம். நோய் நிர்ணய அட்டையின் பிரதியையும், ஸ்கான்கள் பதிந்த சீடியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களை அனுப்பியே அபிப்பிராயம் கேட்கலாம். அதற்காகப் பிள்ளையை விமானத்தில் ஏற்றத் தேவையில்லை. பணம் கட்டிப் பெறும் அபிப்பிராயம்தான் உயர்ந்தது என்றும் இல்லை. பொரளையிலுள்ள லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, கொழும்புத் தேசிய வைத்தியசாலை ஆகியன எல்லாம் இலவசமாகச் சிகிச்சை தரும் அரச வைத்தியசாலைகளே. மாமா அனுப்பும் பணம் கொழும்புக் கிளினிக்குக்குப் பிள்ளையைப் பாதுகாப்பாகக் கூட்டிப்போய் வருவதற்கும், அந்நாட்களில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போகமுடியாத குறையை ஈடுகட்டுவதற்கும் பயன்படட்டும்.

அம்மம்மாவுக்கு

நமது பகுதியில் முறிவு நெரிவு வைத்தியத்தின் மேல் மக்களுக்கிருக்கும் நம்பிக்கை காரணமின்றி வந்ததல்ல. கையிலோ காலிலோ ஏற்படும் எளிய முறிவுகளைக் கட்டிவைத்து ஆற்றிய பரம்பரைகள் இங்கே உண்டு. ஆனால் கழுத்து அப்படியல்ல. கையெலும்பு சற்றுப் பிசகி ஒட்டினால் கை வளையும், அவ்வளவுதான்; கழுத்தின் உச்சியில் முறிந்த முளை பிசகினால் அதற்குப் பின்னால் இருப்பது மூச்சு விடும் தசைகளையும் கைகால்களையும் இயக்கும் முண்ணாண். பத்துப் போடுவதற்கு வளையத்தைக் கழற்றவேண்டும். கழற்றிய அந்த நேரத்தில் பிள்ளை ஒரு தும்மல் தும்மினாலோ, அழுது தலையை உதறினாலோ, முறிவு மீண்டும் நழுவக்கூடும். கழுத்தை நீவுவது, இழுத்துச் சுளுக்கெடுப்பது, நெட்டி முறிப்பது ஆகிய மூன்றும் இந்தப் பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் கூடாது. வளையம் கழற்றிய பின்னரும் கூடாது.

பிள்ளை ஓடியாடுகிறான், நோவென்று அழவில்லை, ஆகவே ஆறிவிட்டது என்று அம்மம்மா சொல்வது இயல்பானதே. வீட்டுக்குக் கொங்கிறீற் போட்டவர்களுக்குத் தெரியும், மேற்பரப்பு காய்ந்து இறுகியதுபோல் தெரிந்தாலும் அடியில் கொடுத்த பலகையையும் முட்டுகளையும் மேசன் சொல்லும் நாள்வரை எடுப்பதில்லை, இதுவும் அப்படித்தான். நோவு முதல் சில வாரங்களிலேயே அடங்கிவிடும், எலும்பு இறுக இரண்டரை முதல் மூன்று மாதங்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் செல்லும். இடையில் கழற்றி, முறிவு ஒட்டாமல் போனால், முளை தனியெலும்பாகத் தளர்ந்து நின்று, வருடங்கள் கழித்து ஒரு சிறு விழுகையிலேயே முண்ணாணை நசுக்கக்கூடும். நீங்கள் அஞ்சும் அந்த முடக்கம் வருவதற்கான வழி இதுதான், வளையமல்ல.

அவர் தடவிய எண்ணெய் கேடு செய்ததா என்று கேட்டிருந்தீர்கள். நரம்புப் பாதிப்பு எதுவும் வரவில்லை என்பதால், செய்யவில்லை என்றே கொள்ளலாம். அந்த முதியவர் மேல் வீட்டில் எவரும் பழி சொல்லவேண்டாம். சுளுக்கென்று நினைத்துப் பரிவோடு தடவியவர் அவர். இப்போது அவருடைய பரிவுக்கு வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன.

வீட்டில் கவனிக்கவேண்டியவை

ஊசி இறங்கும் இடங்களை, வைத்தியசாலையில் தாதியர் காட்டித்தந்த முறைப்படி, தினமும் கைகளை நன்றாகக் கழுவிய பின் உப்புக்கரைசலில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடையுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனிப் பஞ்சு. மஞ்சளோ பத்தோ எண்ணெயோ வேண்டாம். சிறிது காய்ந்த பொருக்கு இருப்பது இயல்பு. சிவந்து வீங்குதல், சீழ், புதிதாக நோவு, ஊசி இறங்குமிடத்தில் தோல் இழுபடுதல், ஆட்டினால் டக் டக்கென்று கேட்டல் ஆகியவை தொற்றையோ தளர்வையோ காட்டும். தளர்ந்த ஊசியை வீட்டில் யாரும் முறுக்கி இறுக்கக்கூடாது, தந்தை எவ்வளவு கைத்தொழில் தெரிந்தவராக இருந்தாலும் சரி.

கவசத்துக்குள் இருக்கும் மென்மையான துணி நனையக்கூடாது. குளிப்பாட்டுவதை விட்டு, ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியை விளிம்புக்குள் மெல்ல நுழைத்து வியர்வையை ஒற்றியெடுங்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் நமது ஊரின் வெக்கையில் இதுதான் பிள்ளைக்குப் பெரிய தொல்லையாக இருக்கும். மின்விசிறியின் கீழ் வைத்திருங்கள், பவுடர் போடாதீர்கள், அது உள்ளே கட்டியாகித் தோலைப் புண்ணாக்கும். தோள்பட்டை, முதுகு விளிம்புகளில் தோல் சிவந்திருக்கிறதா என்று நாளுக்கொரு முறை டோர்ச் அடித்துப் பாருங்கள். முன்புறம் முழுதாகத் திறக்கும் பெரிய சட்டைகளே வசதி. படுக்கும்போது தலை அந்தரத்தில் நிற்காதபடி, மடித்த துவாயொன்றைத் தலைக்குப் பின்னால் வையுங்கள். தூக்கும்போது வளையத்தையோ அதன் கம்பிகளையோ பிடித்துத் தூக்காமல், இடுப்புக்கும் தொடைக்கும் கீழே கைகொடுத்துத் தூக்குங்கள். கவசத்தைத் திறக்கும் சாவி கவசத்தின் முன்புறத்திலேயே ஒட்டப்பட்டிருக்கவேண்டும். அவசரத்தில் மார்பை அழுத்தவேண்டி வந்தால் வைத்தியசாலையில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அவன் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். ஆனால் மேல்பாரம் கூடியிருப்பதால் நிலைதடுமாறி விழுவது எளிது. வாசற்படி, கிணற்றடி, ஈரமான சீமெந்துத் தரை ஆகிய இடங்களில் கை பிடித்தே நடத்துங்கள். உணவைச் சிறு துண்டுகளாக, நிமிர்ந்து இருக்கவைத்துக் கொடுங்கள். கதை சொல்வதும், கீழே குனிந்து பார்க்கமுடியாத பிள்ளைக்குப் படங்களைக் கண்மட்டத்தில் பிடித்துக் காட்டுவதும் அம்மம்மாவால் முடிந்த மிகப் பெரிய வைத்தியம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கையிலோ காலிலோ பலவீனமோ விறைப்போ தெரிந்தால், நடை தள்ளாடினால், கட்டுப்பாடு வந்திருந்த பிள்ளை மீண்டும் அறியாமல் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், விழுங்கும்போது புரையேறினால், மூச்சு விடச் சிரமப்பட்டால், வளையம் இடம் நகர்ந்ததுபோல் தெரிந்தால், காய்ச்சலும் கடுந்தலையிடியும் சேர்ந்து வந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை இலவசமாக அழைத்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். கொழும்புக் கிளினிக் பயணம் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்டது என்பதால், குலுங்கும் பஸ்ஸைவிடப் புகையிரதமோ, மெதுவாக ஓட்டும் வாகனமோ நல்லது. சில பரிசோதனைகளை மட்டக்களப்பிலேயே செய்து படங்களை அனுப்பமுடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

பொலிஸ் விடயத்தில் நீங்கள் கலங்கவேண்டியதில்லை. வீதி விபத்தில் காயமடைந்து வைத்தியசாலையில் சேரும் எவருக்கும் பொலிஸ் பதிவும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் வழமையானவை. காயம் எப்படி வந்தது என்று பலர் திரும்பத் திரும்பக் கேட்டதையும் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்லத் தெரியாத வயதுப் பிள்ளைக்குப் பெரிய காயமொன்று வந்தால் அப்படிக் கேட்பது எங்கள் கடமை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டீர்கள், அதுவே போதும். வழக்கென்று ஏதாவது கடிதம் வந்தால் அப்போது ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

உங்கள் கணவர் நித்திரையின்றித் தவிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோல் தாங்கியில் பிள்ளையை இருத்திச் செல்வது அவர் புதிதாகக் கண்டுபிடித்த பழக்கமல்ல. பட்டிருப்புப் பாலத்தில் எந்த மாலையில் நின்று பார்த்தாலும் பத்துப் பேராவது அப்படிப் போவார்கள். ஆயினும் அந்த இடம்தான் மிக ஆபத்தானது. பிரேக் பிடிக்கும்போது பிள்ளையைத் தடுக்க முன்னால் எதுவுமில்லை, பெரியவரின் உடம்பும் பின்னாலிருந்து அவன் மேல் சாய்கிறது. இனி அவனை, அவனுடைய தம்பி தங்கையையும், சிறு வயதில் மோட்டார் சைக்கிளில் ஏற்றாமல் பஸ்ஸிலோ, ஆட்டோவில் பெரியவர்கள் இருவருக்கு நடுவிலோ கூட்டிச் செல்லுங்கள். காரில் போவதென்றால் பின்னாசனத்தில் பிள்ளைகளுக்கான இருக்கையில் வையுங்கள்; கைக்குழந்தையாக இருந்தால், கழுத்துக்கு முதுகோடு தாங்கல் கிடைப்பதற்காக, அந்த இருக்கை பின்புறம் பார்த்தபடி இருக்கவேண்டும். அடிபட்டு விழுந்த பிள்ளையை வாரி அள்ளித் தோளில் போடாமல், தலையும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்க இரண்டு பேராகத் தூக்கி, மட்டமான பலகையில் கிடத்தவேண்டும் என்பதையும் ஊரில் சொல்லி வையுங்கள். சிறு பிள்ளைகளின் பின்தலை பெரிது என்பதால், வெறும் பலகையில் கிடத்தினால் கழுத்து முன்னே மடியும். தோளுக்கும் முதுகுக்கும் கீழே மடித்த துவாயொன்றை வைத்தால் கழுத்து நேராக நிற்கும்.

கடைசியாக முன்பள்ளி. வளையம் கழற்றும் நாளில் சீ.ரி. ஸ்கானில் முறிவு ஒட்டியிருப்பதை உறுதிசெய்வார்கள். பின்னர் சில வாரங்களுக்கு மென்மையான கழுத்துப்பட்டி போடுவார்கள். கழுத்தை முன்னும் பின்னும் அவனாகவே அசைக்கவிட்டு எடுக்கும் எக்ஸ்ரே படங்களில் எலும்புகள் தளராமல் நின்றால், பட்டியையும் எடுத்துவிடுவார்கள். முதல் நாட்களில் கழுத்து விறைத்து, தலை கனப்பதுபோல் இருக்கும். தசைகள் பழையபடி பலம்பெறச் சில வாரங்கள் போகும், அதற்கு யாரும் நீவிவிடத் தேவையில்லை. நீங்கள் சொன்ன காலக்கணக்கின்படி தை மாதத்துக்குள் இவையெல்லாம் முடிந்துவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. முடிந்தால், தாராளமாக முன்பள்ளிக்கு விடுங்கள். குட்டிக்கரணம், மரமேறல், தள்ளுமுள்ளு விளையாட்டுகள் ஆகியவற்றை மட்டும் நிபுணர் அனுமதிக்கும்வரை தள்ளிவையுங்கள். கிளினிக்கில் அதை இரண்டு வரியில் எழுதித்தரச் சொல்லி, முன்பள்ளி ஆசிரியையிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.